பையின் வாலில் போட்ட தையல்

தையல்காரியின் புருஷன் மீன் பிடிக்கப் போன படகு, பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிட்டது. நின்றது நின்றபடியே ஒன்பது வருஷம் நின்றது. நங்கூரம் எதுவும் போடவில்லை. மற்ற படகுகள் அங்குமிங்கும் அல்லாட, அது மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தது. அவன் தும்மப் போகிறவனாக வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். ஆறு மாதம் கழித்துக் கண்ணை மூடினான். தும்மல் வந்து முடிய இரண்டு வருஷம் பிடித்தது. முதலில் வேடிக்கை பார்த்தவர்கள்கூட அன்றைக்குச் சிரிக்கவில்லை. பாதிப் பேர் சாப்பிடாமல் படுத்தார்கள்.

அவள் தையல் மெஷினை மாடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புருஷன் போன அன்று வயிற்றில் இருந்த பெண் குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. அப்பா யாரென்று கேட்டால் ஜன்னலைக் காட்டும். உதவிக்குப் போன படகுகளெல்லாம் பாதி வழியில் மோட்டார் இழுக்காமல் திரும்பி வந்தன. கடைசியில் அவள் தம்பி, படகு மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன், துடுப்பை நம்பித் தோணியில் போனான். பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகத்தான் அவன் கணக்கு. கரையேறியபோது நாலு மாதம் ஓடியிருந்தது. அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து, மசக்கையே வந்துவிட்டது. அவன் அதைக்கூட அப்புறம்தான் கேட்டான். முதலில் அக்காவிடம் ஓடி வந்தான்.

காற்று அதிகமாக அடித்தால் படகு வேகமாக ஒதுங்கிப் போகும், தூண்டில் அடிமட்டத்தில் நிற்காது. அதற்காக மீன்காரர்கள் கூம்பு மாதிரி ஒரு கித்தான் பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவார்கள். பை தண்ணீரை வாங்கி உப்பிக்கொண்டு படகைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். வாங்கிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும் என்பதால், பையின் வால் முனையில் சின்னதாக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள்.

"அந்த ஓட்டையைக் காணோம்க்கா," என்றான் தம்பி. "யாரோ தைச்சு அடைச்சிருக்காங்க. ரெட்டை நூல் போட்டு, ஊசி நுழைய இடமில்லாம. தண்ணி போக வழியில்லாம படகும் நின்னுடுச்சு, நேரமும் நின்னுடுச்சு."

கிழிந்த பையோடு தன் புருஷன் கடலுக்குப் போவதா என்று, அவன் புறப்படுவதற்கு முந்தின நாள், அவனிடம் சொல்லாமல் அவள்தான் தைத்து வைத்தாள். நல்ல தையல் என்று தன்னையே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

"நான்தான்டா தைச்சேன்," என்றாள்.

தம்பி மிச்சத்தையும் சொன்னான். பைக்கயிற்றில் மூன்று புரி. இரண்டு அறுந்துவிட்டன. மூன்றாவதும் அறுந்தால், ஒன்பது வருஷமாகத் தேங்கி நிற்கும் காற்று மொத்தமும் ஒரே மூச்சில் படகைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். தையலைப் பிரித்தால்தான் மெதுவாக விடும். ஆனால் கிட்டப் போகப் போக நேரம் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது.

"மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம் ஆகும்க்கா. பாப்பாவை நான் பாத்துக்கறேன்."

புருஷனை விட்டுவிடவும் மனசில்லை, குழந்தையை விட்டுப்போகவும் மனசில்லை. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சின்னக் கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு தோணியில் ஏறினாள். படகுத்துறையில் நின்ற மகள், "சீக்கிரம் வந்துடும்மா," என்றாள்.

பையின் வால் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் கிடந்தது. தோணியிலிருந்து குனிந்து தையலைப் பிரித்தாள். அவளுடைய தையல் அவளுக்கே லேசில் மசியவில்லை. மனசுக்குள் தன்னைத் திட்டிக்கொண்டே பிரித்தாள். ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்கிற நேரம் ஆகியிருக்கும். ஓட்டை திறந்ததும் பை ஒரு பெருமூச்சு விட்டது. படகு மெல்ல அசைந்தது. புருஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"நீ எங்கடி இங்க வந்தே? காலையில நல்லாத்தானே இருந்தே, இப்படி இளைச்சுட்டே?"

அவள் படகில் ஏறி, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். பையைப் படகில் ஏற்றிக்கொண்டு, தோணியைப் பின்னால் கட்டி, இரண்டு பேரும் துறைக்கு வந்தார்கள். துறை கான்கிரீட்டாக மாறியிருந்தது. டிக்கெட் கொடுக்கும் கூண்டிலிருந்து முன்தலை நரைத்த ஒரு பெண்மணி இறங்கி ஓடி வந்து கயிற்றை வாங்கிக் கட்டினாள். தையல்காரி அவளைத் தாண்டி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஒரு சின்னப் பொண்ணு நின்னுட்டு இருந்தாளே, பாத்தீங்களா? ரெட்டைச் சடை போட்டிருப்பா."

அந்தப் பெண்மணி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நான்தாம்மா."

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. அம்மாவைவிட அஞ்சு வயசும் அப்பாவைவிடப் பத்துக்கு மேலும் மூத்த மகள் என்பது கொஞ்ச நாள் பேச்சாக இருந்து, பிறகு யாரும் பேசாத விஷயமாயிற்று. அப்பா வாய் தவறி மகளை "அக்கா" என்று கூப்பிடுவான், அவளும் "என்ன?" என்று கேட்பாள். வேலைக்குப் புறப்படும் முன் மகள் தரையில் உட்காருவாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, நரையும் கருப்புமாக இருந்த அந்தத் தலைமுடியை இரண்டாக வகிர்ந்து சீப்பை எடுப்பாள்.

"இழுக்காதம்மா, வலிக்குது," என்பாள் மகள்.