நான் விடாத அடி

விமர்சனத்தை என் மனைவி சத்தமாக வாசித்தாள். நான் வாயில் பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பியின் புது ஆல்பம் வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இது மூன்றாவது விமர்சனம். பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, கிடார் வாசிப்பது எல்லாம் அவனேதான். எங்கள் வட்டத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். அதைத்தான் விமர்சகர்கள் கௌரவமாக எழுதுகிறார்கள்: அலட்டிக்கொள்ளாத குரல், சட்டைப் பொத்தான் போடாத ராக் இசை, சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே நெஞ்சைத் தொடுகிறவர். ஆல்பத்தின் பெயரும் ‘மெதுவா வாங்க’. அதில் டிரம்ஸ் வாசித்திருப்பது நான். அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

“‘ஆறிப்போன டீ’ என்ற நான்காவது பாட்டில், கடைசிப் பல்லவிக்கு முன்னால் டிரம்மர் ஓர் அடியை விட்டுவிடுகிறார். கேட்பவருக்கு மூச்சு நிற்கிறது. பிறகு எந்த அவசரமும் இல்லாமல், சற்றே தாமதமாக வந்து சேர்கிறார். இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த கணம், யாரும் எதுவும் வாசிக்காத அந்தக் கணம்தான்.”

மருந்துச் சீட்டைக்கூட ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறவள் என் மனைவி. மருந்துக்கடையில் மாலை நேர வேலை. மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அவள் சொல்வதைக் கேட்கவே சிலர் இரண்டாம் முறை கேட்பார்கள். தம்பியின் குரலைப் புகழ்ந்த வரிகளையெல்லாம் உருகி உருகி வாசித்தவள், டிரம்ஸ் பற்றிய வரிகளை மட்டும் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைப் படிப்பதுபோலப் படித்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்தாள். முந்தைய இரண்டு விமர்சனங்களுக்கும் இதே கதைதான். கட்டின புருஷனைப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள், ஒரு சந்தோஷம் வேண்டாமா? எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். அப்புறம்தான், வாயைக் கொப்பளிக்கும்போது, மற்றது உறைத்தது. அடியை விடுவதா? நானா? எங்கள் பரம்பரையிலேயே அடியை விட்டவர்கள் கிடையாது. என் அப்பா எனக்குக் கொடுக்க வேண்டிய அடிகளில் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை.

பிழைப்புக்கு நான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் எனக்கு ஒரு பிரேக். வருடக்கணக்காக அதன்மேலேயே இருந்து பழகிய வலது கால், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் சும்மா இருக்காது. டிரம்ஸில் அடிமுரசின் பெடலை மிதிப்பதும் அதே கால்தான். போன ஆல்பத்துக்கு ஒரு விமர்சகர் எழுதியது எனக்கு மனப்பாடம்: ‘டிரம்மர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார், பாட்டு நடைமேடையிலேயே நின்றுவிடுகிறது.’ அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அதே மனிதர் இந்த முறை, ‘சோம்பலுக்கு எளிமை என்று பெயர் சூட்டினால் அது எளிமையாகிவிடாது. பாடகர் ஒன்பது பாட்டிலும் கொட்டாவி விடுகிறார். விழித்திருப்பவர் டிரம்மர் ஒருவர்தான்’ என்று எழுதிவிட்டார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி அதைத் தன் கைபேசியில் எல்லோருக்கும் காட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கை குலுக்கினேன். வாங்கிக்கொண்ட பிறகு திருப்பிக் கொடுக்க முடியாத பொருள் இந்தப் பாராட்டு.

மைதான ஓரத்தில் மரநிழலில் காரை நிறுத்தி, அடுத்த ஆள் வருவதற்குள் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஸ்டுடியோவில் அதை வாசித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “சூப்பர் மாமா, சூப்பர்” என்றான். ஒருமுறைகூடத் திருத்தம் சொல்லவில்லை. இப்போது கேட்டால் டிரம்ஸ் பாட்டின் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கிறது. அந்த இடம் வருகிறது. அடி விழவில்லை. என் வலது கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. அதற்கப்புறம்தான் இன்னொன்றைக் கேட்டேன்: ஒவ்வொரு மிதிக்கும் அடியில் மெல்லிய ஒரு கிறீச். எண்ணெய் போட வேண்டும் என்று பல மாதங்களாக நான் தள்ளிப்போட்டுவரும் கிறீச். ஸ்டுடியோ பெடலில் அந்தச் சத்தம் கிடையாது. அது என் வீட்டுப் பின்னறையில், சுவரில் பழைய மெத்தைகளை நிறுத்தி நான் வைத்திருக்கும் டிரம்ஸின் பெடல்.

ஆமைக்குப் போன் செய்தேன். எதையோ மென்றுகொண்டே எடுத்தான்.

“மாப்ள, அந்த நாலாவது பாட்டு நான் வாசிச்சதுதானா?”

மெல்லுவது நின்றது. “அட்டையில உங்க பேருதான மாமா இருக்கு.”

“அட்டைய யாரு கேட்டா? பாட்ட கேக்கறேன்.”

“நல்லாயிருக்குல்ல? அப்புறம் என்ன, விடுங்க. எதுக்குப் போட்டு அலட்டிக்கிறீங்க?” மறுபடி மெல்லத் தொடங்கினான். “சனிக்கிழமை மேடையில அதே மாதிரி வாசிச்சிருங்க, போதும். எழுதினவங்க எல்லாரும் முன்வரிசையில உக்காரப் போறாங்க.”

இதுதான் அலட்டிக்கொள்ளாதவர்களோடு இருக்கிற தொல்லை. அவர்கள் யாரையும் திட்டுவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, கதவைச் சாத்துவதில்லை. நீங்கள் வாசித்தது பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. சூப்பர் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வேறு யாரையோ கூட்டிவந்து உங்கள் வீட்டிலேயே உங்கள் டிரம்ஸில் வாசிக்க வைத்துவிடுவார்கள். மேலே உங்கள் பெயரையும் போட்டு, பெருந்தன்மை வேறு. எனக்கு அழுகை வரும்போலிருந்தது. பயிற்சிக்கு வந்த பெண் கண்ணாடியைத் தட்டியதால் அழவில்லை.

அன்று மாலை என் மனைவி மருந்துக்கடைக்குப் போனதும் பின்னறைக்குள் போனேன். அந்த ஓர் அடியை விட்டுப் பார்க்கலாம் என்றுதான். உட்கார்ந்தவுடனே ஏதோ சரியில்லை. முழங்கால் மேலே ஏறி நின்றது. காலையில் காரில் ஏறியதும், இருக்கை தள்ளியிருப்பதையும் கண்ணாடி சாய்ந்திருப்பதையும் வைத்தே முந்தின நாள் கடைசியாக ஓட்டியது யார் என்று சொல்லிவிடுவேன். என் தொழிலில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரே வித்தை அது. முக்காலியின் திருகைப் பார்த்தேன். நன்றாக இறக்கிவிடப்பட்டிருந்தது. என்னைவிடக் குட்டையான ஒருவன், நான் இல்லாத பகல் நேரத்தில், என் வீட்டுக்குள் வந்து என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பகலில் வீட்டில் இருப்பது என் மனைவி மட்டும்தான். ஆக, கதவைத் திறந்துவிட்டது அவள். அந்த நினைப்பு வந்த பிறகு எங்கே அடியை விடுவது? கால் தன்பாட்டுக்குத் திமுதிமுவென்று மிதித்துத் தள்ளியது.

அன்றிலிருந்து ஊரிலிருக்கும் குட்டையான ஆண்களையெல்லாம் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். இன்னொரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ஒருவன் இருக்கிறான், அரைப்படி என்றுதான் கூப்பிடுவோம். டீக்கடையில் எதிர்ப்பட்டவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அந்த இடத்துல ஒரு அடிய விட்டீங்க பாருங்க. எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராதுண்ணே” என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். இவ்வளவு நன்றாக நடிக்கிறவன் எதற்குத்தான் துணிய மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவனுடைய டீக்கும் நானே காசு கொடுத்தேன், சந்தேகம் வெளியே தெரியக் கூடாதே.

வீட்டில் அவளிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். “பகல்ல யாராச்சும் வந்தாங்களா?”

“யாரு வரப்போறா?” கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

“பின் ரூமுக்கு?”

“மழை வந்தா துணி காயப்போட நான்தான் போறேன். ஏங்க?”

“சும்மாதான். கையில என்ன பிளாஸ்திரி?”

“மருந்து அட்டை கிழிச்சிருச்சு.” கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அந்தக் கையை அதற்குமேல் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஓர் ஆணின் சாயல் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பயிற்சிக்கு வரவேண்டியவர் வரவில்லை. மறுநாள் மேடை. முன்வரிசையில் பேனாவோடு அவர்கள், பின்னால் நான், நடுவில் அந்த ஓர் அடி. நேராக வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கள் தெருவுக்குள் போகாமல் காரை அடுத்த தெருவிலேயே நிறுத்தினேன். சொந்த வீட்டுக்குத் திருடனைப்போல நடந்து போகிறோமே என்று இருந்தது. போகிற வழியில் ஏனோ என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. என்னிடம் முதன்முதலில் படிக்க வந்தவள் அவள்தான், கல்யாணமான புதிதில். நன்றாகத்தான் ஓட்டினாள். நான்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் நடுச்சாலையில் காரை நிறுத்தி, “ஓட்டறது நானா, நீங்களா?” என்றாள். சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சிலருக்குப் பொறுமை கிடையாது என்று நான் அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

வாசலில் வேற்றுச் செருப்பு எதுவும் இல்லை. அவளுடையது மட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. உள்ளே டிரம்ஸ் சத்தம் கேட்டது. மெத்தைகளையும் மீறி, அதே பாட்டு. அந்தக் கிறீச் வெளியே கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. என் டிரம்ஸை நான் வெளியிலிருந்து கேட்பது அதுவே முதல்முறை. சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். யார் அவன் என்ற கோபம் இருந்த இடத்தில், அவன் எங்கேயாவது தடுமாற மாட்டானா என்ற ஆசைதான் இருந்தது. தடுமாறவில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர் வாசிப்பதுபோல இருந்தது. நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவு நன்றாக இருந்தது. பல்லவி நெருங்கியது. அந்த இடம் வந்தது.

என் வலது கால் வாசற்படியை ஓங்கி மிதித்தது. டொம்மென்று ஒரு சத்தம்.

உள்ளே எல்லாம் நின்றுபோனது. முக்காலி இழுபடும் ஒலி வரும், கதவு திறக்கும், யாராவது பின்பக்கமாக ஓடுவார்கள் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. பிறகு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டும் ஓசை கேட்டது. கூடவே ஒரு குரல், மாத்திரை வேளைகளைச் சொல்கிற அதே பொறுமையோடு.

“ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு.”

அன்று அவள் கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒட்டியிருந்த பிளாஸ்திரி இப்போதுதான் என் மனக்கண்ணில் தெரிந்தது. குச்சி உராய்ந்து கொப்புளம் வருகிற இடம். முதல் வருடம் எனக்கும் அங்கேதான் வந்தது.

அவள் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தாள். மணியை அழுத்தவும் தோன்றவில்லை, திரும்பிப் போகவும் தோன்றவில்லை. நாளைக்கு அந்த முக்காலியில் யார் உட்காருவது என்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ பார்த்தார்கள், பார்க்கட்டும். பாட்டு பல்லவியை நோக்கி, அவசரமே இல்லாமல், வந்துகொண்டிருந்தது. நான் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது காலைத் தரையிலிருந்து தூக்கி, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றேன்.