ஒற்றைக்கொம்பு உச்சியில் ஒரு கிளிஞ்சல்

ஊரூர்க் குப்பத்துச் சுப்பராயன் மலை ஏறப் போகிறான் என்ற செய்தி, அவன் அன்றைய வலையை உதறிக் காயப்போடுவதற்குள் கரை முழுக்கப் பரவிவிட்டது.

"மலை மேல வஞ்சரம் மாட்டுதாமா நைனா?" என்று கேட்டான் குப்பன்.

"மாட்னா உனுக்கு ஒரு துண்டு எடுத்தாறேன். வாயத் தொறந்து வெச்சிக்கினு இரு," என்றான் சுப்பராயன்.

இந்த வம்புக்கு விதை போட்டவர் மயிலாப்பூர் வக்கீல் பஞ்சாட்சரம். அவருக்கு மலைப் பித்து. கம்பம் ஊருக்கு மேற்கே, நான்கு நாள் காட்டு நடைக்கு அப்பால், ஒற்றைக்கொம்பு என்று ஒரு சிகரம் இருக்கிறது. அதன் தலையில் மனிதன் கால் பட்டதாக யாரும் சொன்னதில்லை. வக்கீல் இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் உச்சிக்குக் கீழே உள்ள பாறைக்காட்டில், மஞ்சு மூடி, வழி தப்பித் திரும்பினார். இதற்குள் வெள்ளைக்காரத் துரைமார் சங்கம் ஒன்று, வருகிற கோடையில் தாங்கள் ஏறப்போவதாகப் பத்திரிகையில் அறிவித்துவிட்டது. வக்கீலுக்குத் தூக்கம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் வேடிக்கைக்காகச் சுப்பராயனின் கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போனார். நாலாபக்கமும் தண்ணீர். எல்லா இடமும் ஒரே மாதிரி. சுப்பராயன் துடுப்பை நிறுத்தி, "இங்கதாங்க," என்று கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கினான். கீழே பாறை. மீன் கொட்டுகிற பாறை.

"எப்படியப்பா கண்டுபிடித்தாய்?"

"கபாலி கோயிலு கோபுரம் பரங்கிமலைக்கு நேரா வரணும். சாந்தோம் மாதாகோயிலு ஊசிக் கோபுரம் ஐக்கோர்ட்டு மேல கீற கப்பல் வெளக்குக்கு நேரா வரணும். ரெண்டும் ஒண்ணா வந்துச்சின்னா காலுக்குக் கீழ பாறை. எங்க அப்பன் காட்னது."

வக்கீல் கரைக்கு வந்ததும் வேறு எதுவும் பேசவில்லை. "கடலுக்கு அடியில் இருக்கிற பாறையைக் கண்டுபிடிக்கிறவனுக்குத் தரைமேல் இருக்கிற பாறையா தெரியாது? என்னோடு வா," என்றார்.

சுப்பராயனின் மனைவி முத்தம்மா மீன்கூடையை இறக்கி வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"மேல போனியா இல்லியான்னு கேப்பானுங்க. இன்னா அத்தாட்சி காட்டுவ?"

"வக்கீலய்யா டப்பால பேரு எழுதி மேல வெப்பாராம். என் பேரையும் எழுதறேன்னு சொல்லிக்கீறாரு."

"காயிதம் மழைல நனஞ்சிப் பூடும்." அவள் குனிந்து மணலிலிருந்து ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கினாள். கட்டைவிரல் நகம் அளவு, ஓரத்தில் ஊதா வரி. "இத்த வெய்யி. மலைல கெடைக்காது இது."

1934-ஆம் வருஷம் தை பிறந்ததும் இருவரும் எழும்பூரில் ரயில் ஏறினார்கள். மலைக்காடு தொடங்கியதும் வக்கீல் சீமையிலிருந்து வரவழைத்த கித்தான் பைகளை எடுத்தார். தோளில் மாட்டி முதுகில் சுமக்கிற பை. சுப்பராயன் அதை மாட்டிப் பார்த்து, "இன்னாங்க இது, கொயந்தைய முதுவுல கட்ன மாதிரி," என்றான். ஆனாலும் வார் அறுந்தபோது அவன்தான் நார்க்கயிற்றால் கட்டிக் கொடுத்தான். அந்தக் கட்டு நாலு நாளும் தளரவில்லை.

அட்டைக்கடி, முள், குளிர். கடற்கரைக்காரனுக்குக் குளிர் புதிது. பல் கிட்டியது. கீழே தேன் எடுக்கும் மலைக்காரர்கள் காட்டு எல்லைவரை வழி காட்டிவிட்டு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு வேலை இல்லை.

ஐந்தாம் நாள் காலை பாறைக்காட்டில் நுழைந்தார்கள். யானை யானையாய்க் கற்கள். வக்கீல் முன்னே பார்த்து நடந்தார். சுப்பராயன் பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பின்னே பார்த்தான்.

"என்னத்தைப் பார்க்கிறாய்?"

"அந்த வெள்ளப் பாறையும் பட்ட மரமும் நேரா கீது. திரும்பி வர்றப்ப வோணும்."

வக்கீல் ஒரு கணம் நின்றார். இரண்டு தடவை வந்தும் தாம் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பத்து மணிக்கு உச்சிப் பாறையின் அடிக்கு வந்துவிட்டார்கள். இதுவரை வக்கீல் வராத இடம். நூற்றைம்பது அடிச் செங்குத்துப் பாறை ஒன்றுதான் பாக்கி. ஆவலில் வக்கீல் தாவினார். ஆணி அடித்த பூட்ஸ் ஈரப் பாசியில் வழுக்கிற்று. விழுந்த வேகத்தில் கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது.

சுப்பராயன் காலைத் துணியால் இறுக்கிக் கட்டினான். தெற்கே மஞ்சு எழும்பிக்கொண்டிருந்தது. காற்று கன்னத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்தான்.

"ஒரு மணி நேரம் கீதுங்க. அதுக்கப்புறம் மூடிக்கும். கீய எறங்கிடலாமா?"

வக்கீல் மேலே பார்த்தார். கண் கலங்கியது. மூன்றாம் முறையும் இப்படியா? பிறகு திடமாகச் சொன்னார்: "என்னால் ஏற முடியாது. நீ ஏறு சுப்பராயா. நீ ஏறினால் போதும்."

அவன் பையைக் கழற்றினான். கயிற்றுச் சுருளை இடுப்பில் சுற்றினான். வெறுங்கால் விரல்கள் பாறைப் பிளவுகளைப் பற்றின. அலையில் ஆடும் ஈரக் கட்டைமேல் இருபது வருஷம் நின்று பழகிய விரல்கள். பாதி தூரத்தில் ஒரு பிடி கையோடு பெயர்ந்து வந்தது. மார்பைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு, பெரிய அலைக்குக் காத்திருப்பது போல் மூச்சடக்கிக் காத்திருந்து, வேறு பிடி தேடினான்.

அப்புறம் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை.

சுற்றிலும் வெள்ளை மேகம் கடல் மாதிரி பரந்து கிடந்தது. மற்ற மலைகளின் தலைகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அவன் காலுக்குக் கீழே. சுப்பராயன் வேட்டியை இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "குப்பா, வாயத் தொறந்து வெச்சிக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

பேர் எழுதிய டப்பா கீழே வக்கீலின் பையிலேயே இருந்தது. வலியில் அவர் கொடுக்க மறந்தார். அவசரத்தில் இவன் கேட்க மறந்தான். மடியைத் தடவினான். கிளிஞ்சல் இருந்தது. பாறை இடுக்கில் காய்ந்து கிடந்த இரண்டு புதர்க் கட்டைகளை எடுத்து, நடுவில் கிளிஞ்சலை வைத்து, கட்டுமரம் கட்டுகிற கட்டாகவே கட்டினான். கடலிலிருந்து வந்ததும் கட்டுமரத்தைப் பிரித்துக் கட்டைகளை வெயிலில் போட்டுவிடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டவேண்டும். அதனால் அலையில் இம்மி அசையாத, கரையில் ஒரே இழுப்பில் பிரிகிற முடிச்சு அது. கட்டையை நிறுத்திச் சுற்றிலும் கல் அடுக்கினான்.

இறங்கி வந்து, வக்கீலைத் தோளில் தாங்கிப் புறப்பட்டபோது மஞ்சு மூடிவிட்டது. சுப்பராயன் உட்கார்ந்தான். மேகம் கிழியும்வரை காத்திருப்பான், வெள்ளைப் பாறையும் பட்ட மரமும் நேர்கோட்டில் வந்ததும் பத்தடி நடப்பான், மறுபடி உட்காருவான். இப்படியே சாயங்காலத்துக்குள் வெளியே கொண்டுவந்து சேர்த்தான்.

சென்னைக்குத் திரும்பியதும் வக்கீல் நேரே லஸ்ஸிலிருந்த வாரப் பத்திரிகை ஆசிரியர் நாகராஜிடம் போனார். நாகராஜ் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்கள் ஏறினீர்கள் என்றால் நாளைக்கே போடுகிறேன். கரையோரத்து ஆள் தனியாக ஏறினான், பார்த்தவர் இல்லை, எழுத்தும் இல்லை என்றால் யார் சார் நம்புவார்கள்?"

"அப்படியானால் போடாதே. நான் ஏறவில்லை. ஏறாததை ஏறினேன் என்று சொல்லமாட்டேன்," என்றார் வக்கீல்.

குப்பத்தில் அதைவிட மோசம். சுப்பராயன் மணல்மேட்டில் ஏறினால்கூட, "மெதுவா நைனா, மஞ்சு மூடிக்கப் போவுது," என்றார்கள். அவன் பதில் சொல்வதை விட்டுவிட்டான். முத்தம்மா மட்டும் மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்கும்போது, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும், "என் ஊட்டுக்காரரு மலைல கிளிஞ்சல வெச்சிட்டு வந்துக்கீறாரு," என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சித்திரையில் துரைமார் போனார்கள். ஆனி மாதம் அவர்கள் தலைவர் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். வக்கீல் சுப்பராயனைச் சலவை வேட்டி கட்டச்சொல்லி அழைத்துப் போனார். அவன் கடைசிச் சுவரோரம் நின்றான். நாகராஜ் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உச்சியை அடைந்தபோது எங்களுக்கு முன்னால் யாரோ வந்திருப்பது தெரிந்தது என்கிறார் துரை. கற்களுக்கு நடுவே இது நின்றதாம். அரைமணி முயன்றும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லையாம். யார் வேலை என்று தெரிந்துகொள்ள அறுக்காமல் கொண்டுவந்திருக்கிறார்."

மேஜைமேல் துரை வைத்ததைப் பார்த்து வக்கீல் எழுந்துவிட்டார். நார்க்கயிறு சுற்றிய இரண்டு கட்டைகள்.

"சுப்பராயா, முன்னால் வா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுப்பராயன் நடந்து போனான். மேஜையைத் தொடவில்லை.

"ஐயா, தொரைகிட்ட சொல்லுங்க. நான் இன்னும் அவுக்கல. உள்ள ஒரு கிளிஞ்சல் கீது. நகம் அளவு. ஓரத்துல ஊதாக் கோடு. ஊரூர்க் குப்பத்து மணல்ல எடுத்தது."

நாகராஜ் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை புருவத்தைத் தூக்கி, கட்டையை அவன் பக்கம் நகர்த்தினார்.

சுப்பராயன் கயிற்றின் வாலைத் தேடி ஒரே இழுப்பு இழுத்தான். கட்டு பொலபொலவென்று பிரிந்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்து கிளிஞ்சல் மேஜைமேல் விழுந்து, சுழன்று, நின்றது. ஊதா வரி மேலே தெரிந்தது.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு மண்டபமே கை தட்டியது. துரை எழுந்து வந்து சுப்பராயனின் கையைப் பிடித்துக் குலுக்கி, சங்கத்துக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பேரைக் கேட்டுக் கேட்டு எழுத்து எழுத்தாக எழுதினார். முதல் வரியில் அந்தப் பேர். தம்முடைய பேரை அதற்குக் கீழே எழுதினார். நாகராஜ் வக்கீலிடம் வந்து, "இந்த வாரமே போடுகிறேன் சார், படத்தோடு," என்றார்.

"என்னிடம் சொல்லாதே. அவரிடம் சொல்," என்றார் வக்கீல். சுப்பராயனை அவர் 'அவர்' என்றது அதுதான் முதல் தடவை.

துரை கிளிஞ்சலை எடுத்துக் கொடுத்தபோது சுப்பராயன் முகம் சுளித்தான்.

"இது மேல இருக்க வேண்டியது. கீய கொண்டாந்துட்டாரே. இப்ப நாந்தான மறுபடி எடுத்துக்கினு போவணும்?"

நாகராஜ் சொன்னதும் துரை விழுந்து விழுந்து சிரித்தார்.

குப்பத்துக்கு வந்தபோது சேதி அவனுக்கு முன்னே வந்திருந்தது. குப்பன் தன் வலையிலிருந்த பெரிய வஞ்சரத்தை எடுத்து முத்தம்மாவின் கூடையில் வைத்துவிட்டுப் போனான். முத்தம்மா கிளிஞ்சலை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மறுக்காப் போவணுமா?"

"போவணும்."

அவள் அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்போ இது என்கிட்டயே இருக்கட்டும். இந்தத் தபா நான் எடுத்தாறேன். நீ கயிறு மட்டும் எடுத்துக்கினு வா."