சும்மா உட்காரும் பயிற்சி

என் மனைவியின் குடும்பத்தில் ஒருவர் தும்மினால் நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தைத்தான் மறுவாழ்வு மையத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். குடியை விடுவதற்காக அங்கே சேர்த்திருந்த என் மச்சினனின் சிகிச்சையில் நாங்களும் பங்கெடுக்க வேண்டுமாம். நான் கார் ஓட்டப் போனவன்.

ஆலோசகர் சின்னப் பெண். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எங்களையும் மச்சினனையும் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். மச்சினன் அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்பப் போகிறானாம். போன தடவையும் இப்படித்தான் பாதியில் கிளம்பினான். சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்தோம். இனிமேல் குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“குழந்தைக்குப் பயம் வந்தா யார்கிட்ட ஓடுது? பெத்தவங்ககிட்ட. வளர்ந்தப்புறமும் அப்படி ஓடிப் போக ஒரு ஆள் வேணும். ஆள் இல்லாதவங்க பாட்டில்கிட்ட ஓடறாங்க. இதைப் பிணைப்புக் கோட்பாடுன்னு சொல்லுவோம்,” என்றார்.

நல்ல கோட்பாடுதான். எங்கள் ஆட்கள் காதில் மட்டும் அது தேர்தல் அறிவிப்பாக விழுந்தது.

“அப்ப அது நான்தான். பத்து மாசம் சுமந்தவ,” என்றார் மாமியார்.

“சுமந்தது நீ. இடுப்புல தூக்கி வளர்த்தது யாரு?” என்றாள் என் மனைவி.

அவளுடைய அண்ணனுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் சபாநாயகர். “ரெண்டு பேரும் சும்மா இருங்க. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது யாருன்னு அவனே சொல்லட்டும்,” என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லி முடித்தார்.

ஆலோசகர் ஒரு பயிற்சி வைத்தார். ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அறிவுரை கூடாது, கேள்வி கூடாது. சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். என் மாமியார் வீட்டுக்கு அது கடுங்காவல் தண்டனை.

முதலில் மாமியார் உட்கார்ந்தார். “இது அறிவுரை இல்ல. முடியை வெட்டிக்கிட்டா மூஞ்சி தெளிவா இருக்கும், அவ்வளவுதான்,” என்றார். என் மனைவி பேசவில்லை. அவன் காலரை இழுத்துவிட்டாள், பொத்தானைப் போட்டாள், ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் பழைய கதை மொத்தமும் இருந்தது. சபாநாயகர் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார், தொண்டையைச் செருமும் வரைக்கும். அந்தச் செருமலுக்குப் பின்னால் என்ன வரும் என்று தெரிந்த மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

மிச்சம் நான். “மாப்பிள்ளை எதுக்கு? அவருக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார் மாமியார். ஆலோசகர் விடவில்லை. போய் உட்கார்ந்தேன். விடியும் முன்பே எழுந்து வண்டி ஓட்டிய அலுப்பு. பேச்சு வேறு நின்று போயிருந்தது. கண் சொருகிவிட்டது.

என் மனைவி தோளை உலுக்கி எழுப்பினாள். “இங்கயும் மானத்தை வாங்கணுமா? குறட்டை வேற.”

நான் வாயைத் துடைத்துக்கொள்வதற்குள் மச்சினன் ஆலோசகரிடம் சொன்னான்: “மேடம், நான் கிளம்பல. வாராவாரம் மாமா வந்தா போதும்.”

சபாநாயகருக்கு முகம் சுண்டிப்போனது. “தூங்கினவருக்கா ஓட்டு?” என்றார்.

எனக்கே கூச்சமாகிவிட்டது. “நான் ஒண்ணும் பண்ணலடா. அசந்து தூங்கிட்டேன்,” என்றேன்.

“தெரியும் மாமா,” என்றான் தரையைப் பார்த்தபடி. “வீட்ல எனக்குப் பயந்து எல்லாரும் ரூமைத் தாழ் போட்டுட்டுத்தான் படுக்கறாங்க. அம்மாகூட. என் பக்கத்துல ஒருத்தர் பயமில்லாம கண்ணை மூடி எத்தனை நாளாச்சு.”

மாமியார் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே தாழ் போட மாட்டேன்டா கண்ணா.”

“போட்டுக்கோம்மா,” என்றான். “நான் இன்னும் சரியாகல.”