குருவி வராத பெட்டி

ஆம்பூரில் கல்யாண பிரியாணிக்கு அண்டா எடுப்பவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். ஒரு குருவிக்கு வீடு பார்க்க ஜெயப்பிரகாஷ் பதினைந்து நாள் அலைந்தான்.

முதலில் பள்ளிகொண்டாவில் வாங்கிய மண்பானை. வாய் பெரிது, காக்கை தலையை விட்டது. அடுத்து ஷூ அட்டைப்பெட்டி. ஒரே மழையில் கூழாகிவிட்டது. கடைசியில் பிளைவுட்டை அறுத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு அவனே ஒரு பெட்டி செய்தான். ஆணி அடித்தால் மெல்லிய பலகை பிளந்துவிடும் என்று, கட்டிலுக்கு அடியிலிருந்த, ஷூ ஒட்டும் சொலூசன் டப்பாவை எடுத்து ஒட்டினான். ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாகச் சோல் ஒட்டுகிறவன். மிச்ச வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்து ஒட்டுவான். அவன் ஒட்டி எதுவும் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

கட்டிலின் மேல் சோபனா படுத்திருந்தாள். ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இரண்டாவது கலைந்த வாரம்தான் மீட்டர் பெட்டியில் இருந்த குருவிக்கூடும் விழுந்தது. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்கு ஒரே பிடிவாதம்.

"குருவி வந்து கூடு கட்டட்டும். அப்பதான் இது தங்கும்."

கொய்யா மரத்தில் மாட்டினான், பூனை ஏறியது. அவள் பார்க்கும்படி ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, வெயில் படாத பக்கம் மாற்றினான். குருவிகள் வந்தன. கொடிக்கம்பியில் உட்கார்ந்து பார்த்தன, ஓட்டை வரை வந்து திரும்பிப் போயின. எட்டு நாளும் இதே கதை. ஒன்பதாம் நாள் சோபனா தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை உண்டானாலே அவள் அப்படித்தான் படுப்பாள். தன்மேல்தான் ஏதோ கோபம் என்று அவன் நினைத்திருந்தான். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. கை நிறைய அரிசியோடு பெட்டி முன்னால் நின்று, வந்து தொலையேன் என்று கெஞ்சினான்.

பக்கத்து வீட்டு வஜீதா அக்கா கஞ்சி கொண்டுவந்தவர், பெட்டி அருகே வந்ததும் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா தம்பி, சொலூசன் நாத்தம் இவ்ளோ ஜாஸ்தியா அடிக்குது. இதுல எந்தக் குருவி முட்ட வெக்கும்?"

அவன் ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தான். கையை முகர்ந்தான், சட்டையை முகர்ந்தான். ஒன்றுமே தெரியவில்லை.

ஜன்னல் வழியே கேட்டான். "சோபனா, வூட்ல அந்த நாத்தம் அடிக்குதா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எப்பவும்தான் அடிக்குது. புள்ள உண்டானா தாங்க முடியல. அதான் செவுத்துப் பக்கம் திரும்பிக்குவேன். சொன்னா மட்டும், வேலைய வுட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?"

டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. முதல் பிள்ளையின்போதும் அங்கேதான் இருந்தது. இரண்டாவதின்போதும். ஜெயப்பிரகாஷ் உள்ளே ஓடி டப்பாவை எடுத்துப் போய்த் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டான். சட்டையைக் கழற்றிக் கொய்யா மரத்தில் எறிந்தான். சோப்பு கரையும்வரை கையைத் தேய்த்து முகர்ந்து பார்த்தான். போய்விட்டதா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"உள்ள வாங்க" என்றாள் சோபனா.

அவன் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றான்.