தொண்ணூற்றேழு டிகிரி

...இல்லை, இது அவளாக எழுதியதாக இருக்காது, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு நிதானம் ஏது, கேள்விப் பெட்டியில் விழுந்த மற்ற சீட்டுகளைப் பார், வானம் ஏன் நீலம், மீன் எப்படித் தூங்கும், எல்லாம் என் மனம் குளிர எழுதியவை, இது மட்டும்... 'சார், போன வாரம் தண்ணீர் கொதித்தபோது வெப்பமானி தொண்ணூற்றேழு காட்டியது. நீங்கள் ஏன் பலகையில் நூறு என்று எழுதினீர்கள்?' பெயர் இல்லை, பெயர் வேண்டாம் என்று சொன்னதே நான்தான், ஆனால் வால் நீண்ட அந்த 'ழ' எனக்குத் தெரியாதா, ஜன்னலோர பெஞ்சு, கணக்கு வாத்தியாரின் அக்கா மகள். அங்கேதான் இடிக்கிறது. துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு அவர் பெயரும் என் பெயரும் போயிருக்கிற நேரம் பார்த்தா இந்தக் கேள்வி வரவேண்டும்? நேற்று ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "என்ன சார், உங்க கேள்விப் பெட்டி நல்லா போகுதா?" என்றாரே, அந்தச் சிரிப்பு, அது வெறும் சிரிப்பா? யோசித்துக் கேளுங்கள், புத்தகத்தில் விடை இருக்கிற கேள்வி வேண்டாம் என்று ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது, கடைசியில் என் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொள்ளத்தானா...

மதிய இடைவேளையில் அவளை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். சீட்டை மேசையில் வைத்ததும் முகம் வெளிறிப்போயிற்று. பார், பயப்படுகிறாள், குற்றம் இல்லாமலா... "இதை யாரு எழுதச் சொன்னது? மாமாவா?" என்றேன். குரலை எவ்வளவு இறக்கியும் அது விசாரணையாகத்தான் வந்தது. "ஐயோ, மாமாகிட்ட சொல்லிடாதீங்க சார். பெரியவங்ககிட்ட வாய் குடுக்காதன்னு திட்டுவாரு" என்றாள். நடிப்பா? இவ்வளவு சீக்கிரம் கண் கலங்குமா? "அப்ப நீயாத்தான் எழுதினியா?" தலையாட்டினாள். "நீங்கதானே சார், தோணினா கேளுன்னு சொன்னீங்க." அவளே சீட்டை எடுத்து நான்காக மடித்தாள். "நான் வேற கேள்வி எழுதித் தரட்டுமா சார்? வானவில் பத்தி ஒண்ணு இருக்கு." சரி என்றுவிட்டேன். ஏன் சரி என்றேன்?

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் குமிழிட்டுப் புரண்டது, வெப்பமானி தொண்ணூற்றேழில் போய் நின்றது, அசையவில்லை. கருவியில் கோளாறா, ஊர் மேட்டில் இருப்பதாலா, தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கிறதா... தெரியாது, எனக்கு உண்மையிலேயே தெரியாது, தெரியாது என்று பலகையில் எழுதியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? கணக்கு வாத்தியார் அன்று அங்கே இல்லை, யாரும் என் கையைப் பிடித்து நூறு என்று எழுத வைக்கவில்லை. அவள் ஒருத்தி கேட்டாள், சரி, மற்றவர்கள்? அன்று முப்பத்தெட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்து குனிந்து வெப்பமானிக் கோட்டைப் பார்த்தார்கள், நான்தான் பார்க்க வைத்தேன், பிறகு இடத்துக்குப் போய் நோட்டில் நூறு என்று எழுதினார்கள், நான் சிவப்பு மையில் சரி போட்டேன். அந்த முப்பத்தேழு பேரும் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லையா, அல்லது பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு...