ஆல்டன் போன வழி

"பின்பக்கமா மீன் ஆலை ரோட்டுல போயிடலாம்," என்றான் சவ வண்டி ஓட்டும் பெர்சி. "கடைத்தெருவுல ஊர்வலம் கிளம்பிடுச்சு. வேற கிழமை வச்சிருக்கக் கூடாதா?"

"அவன் இந்த வாரத்தைப் பார்த்துத்தான் செத்தான்," என்றான் டெஸ்மண்ட்.

முன் சீட்டில் இருவருக்கும் நடுவே பெர்னடெட் நெருக்கி உட்கார்ந்திருந்தாள். பின்னால் பெட்டிக்குள் அவள் அண்ணன் ஆல்டன் மினுமினுக்கும் ஊதாக் கோட்டில் படுத்திருந்தான். காலையில் அதற்கும் ஒரு சண்டை. "சர்ச்சுக்கு இதையா போடறது?" என்று அவள் கேட்க, "கல்யாணத்தன்னிக்கே நானும் இதையேதான் கேட்டேன். உங்கண்ணன் கேட்டானா?" என்றான் அவனைக் கல்யாணம் செய்துகொண்ட டெஸ்மண்ட். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பொத்தான் போட்டுவிட்டார்கள்.

நோவா ஸ்கோஷியாவின் அந்தத் துறைமுக ஊரில் தன்பாலினக் காதலர்களின் முதல் ஊர்வலம் நடந்தபோது போனவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். தலையில் காகிதப் பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முகம் தெரிந்தால் வேலை போய்விடும். பேக்கரி வாசலில் அம்மாவோடு நின்ற பெர்னடெட், ஒருவனுடைய நடையைப் பார்த்ததுமே அது ஆல்டன் என்று தெரிந்துகொண்டாள். அம்மாவும்தான். "அந்தப் பையன் ஷூவைத் தேய்ச்சு நடக்கிறான்," என்று மட்டும் சொல்லிவிட்டு ரொட்டி வாங்க உள்ளே போனாள். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஆல்டன் பையைக் கழற்றிவிட்டான். வாத்தியார் வேலை போயிற்று. படகு எஞ்சின் பழுதுபார்க்கப் போனான். ஏன் கழற்றினாய் என்று கேட்டவர்களிடம், "பைக்குள்ள முடி கலையுது," என்றான்.

வருஷாவருஷம் ஊர்வலத்துக்காரர்களுக்கு பெர்னடெட் சாண்ட்விச் கட்டிக் கொண்டுபோவாள். ஆனால் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கியதில்லை. அவனும் வா என்று கூப்பிட்டதில்லை.

"என்ன, திருப்பவா?" என்றான் பெர்சி.

"நேரா போ," என்றாள் பெர்னடெட்.

"கூட்டமா இருக்கே."

"அவனுக்குக் கூட்டம்னா கூச்சமா?"

வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் மேளம் நின்றது. பாதி ஊர் அங்கேதான் இருந்தது. தொப்பிகள் இறங்கின. டெஸ்மண்ட் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"எதுக்கு நிறுத்துனீங்க? எழுந்து வந்து திட்டப் போறான்."

யாரோ சிரித்தார்கள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது, முன்னைவிட பலமாக.

"கொஞ்சம் வழி விடு, இறங்கணும்," என்றாள் பெர்னடெட்.

"முட்டி வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவள் வண்டியின் பக்கவாட்டில் கை வைத்தபடி நடக்க ஆரம்பித்தாள். டெஸ்மண்ட் மறுபக்கம். மாடிகளிலிருந்து பிள்ளைகள் வண்ணக் காகிதத் துணுக்குகளைக் கை கையாக அள்ளிக் கொட்டினார்கள். காலையில்தான் துடைத்து மெருகேற்றிய வண்டி. முன் கண்ணாடி மறைய ஆரம்பித்ததும் பெர்சியின் கை வைப்பர் பொத்தானுக்குப் போயிற்று. பிறகு கையை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, மெதுவாக ஓட்டினான்.