கூட்டினால் எட்டு

தேவிப்ரியாவின் போன் நம்பர் ஏழால் மீதமின்றி வகுபடும். கரியாலூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம் அவளே வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு, ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு. இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்றால் யாருக்கும் வேண்டாம். மலையில் நர்ஸாகச் சுற்றுகிறவளுக்கு பஸ் வரும்வரை ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் அந்த நம்பர் மலைக்கு வேண்டும். கர்ப்பிணி இருக்கிற வீடுகளில் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் அவள் வீட்டுக்கு நிச்சயதார்த்த நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் அப்பா ராமசாமிக்கு இது எதுவும் தெரியாது. தியாகதுருகத்துக்காரர், மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் வைத்திருக்கிறார். எட்டு சனியின் எண் என்று, வண்டி நம்பருக்கு நல்ல கூட்டுத்தொகை அமைகிறவரை டிராக்டரை ஷோரூமிலேயே நிறுத்தி வைத்தவர். வண்டி வருவதற்குள் அந்த வருஷம் கரும்பு வெட்டே முடிந்துவிட்டது. அந்த நஷ்டத்தை மட்டும் அவர் சனியின் தலையில் போடவில்லை.

காபி குடித்துவிட்டு, வருங்கால மருமகளின் நம்பரை விரல்விட்டுக் கூட்டினார்.

"அம்பத்திமூணு. அஞ்சும் மூணும் எட்டு. இன்னாம்மா நம்பர் இது? வேற சிம்மு வாங்கிக்கோ. அப்பறம் நாள் குறிக்கலாம்."

"மாத்த முடியாதுங்க மாமா. மலையில எல்லாரும் இத வெச்சிக்கினுதான் கூப்புடறாங்க."

"புதுச சொல்லிக் குடுத்துடு."

அவள் அப்பாவின் பெயர் பாவாடை. அவர் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினார். மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் நன்றாகத்தான் பேசுவான். சங்கடமே அதுதான்: நம்பரையும் விட முடியாது, அவனையும் விட மனமில்லை.

அவன் நம்பரை மனதுக்குள் கூட்டினாள். நாற்பத்தாறு.

"மாமா, அவரு நம்பரக் கூட்டுனா ஒண்ணு வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, இருபது இலக்கம். கூட்டுனா தொண்ணூத்தொம்போது. மறுபடி கூட்டிக்கினே போனா ஒம்போது. யாரு நம்பர் முன்னால இருந்தாலும் அதேதான். ஒம்போதால வகுத்தா மீதியே வராது."

ராமசாமி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மீதியே வராதா? அப்ப மாத்த வேணாம். பத்திரிகையில ரெண்டு நம்பரையும் சேத்தே போட்டுடலாம்."

பாவாடைக்கு மூச்சு வந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். கை கழுவப் பின்கட்டுக்கு வந்த ஜெயப்பிரகாஷ், "சூப்பரா சமாளிச்சிட்டீங்க" என்று சிரித்தான்.

"ஒங்க நம்பர் ஒம்போதா இருந்திருந்தா? எதோட ஒம்போதச் சேத்தாலும் பழையபடி அதேதான் வரும். எட்டு எட்டாவே நின்னுருக்கும். அப்ப நீங்க இன்னா சொல்லியிருப்பீங்க?"

அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா எதுனா வழி சொல்லியிருப்பாரு."

அவள் போன் அடித்தது. மலையிலிருந்து, மனைவி நிறைமாதமாக இருக்கும் சடையன். "அக்கா, செவ்வந்திக்கு வலி எடுத்துக்கிச்சி."

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நாள் குறிக்க வேணாங்க மாமா."

"ஏம்மா, கணக்குதான் சரியா வந்துடிச்சே?"

"கணக்கு சரிதாங்க. அவரு எனக்காக ஒரு வார்த்த பேசல."

செருப்பை மாட்டிக்கொண்டு மலை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.